வடக்குப் பொழியிலிருந்து நான்கடி

அன்புள்ள கண்ணுக்கு,

நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தோப்பின் வடக்கு ஓரத்தில், கிளுவை வேலியை ஒட்டிச் சிவப்பில் ஒரு கட்டம் போட்டு 'இங்கே ஷெட்' என்று எழுதியிருக்கிறாய். ஏன் அந்த இடம் என்று புரிகிறது. வண்டித்தடம் பக்கம், ஒரு தென்னையைக்கூட வெட்ட வேண்டாம், அந்த ஓரம் சும்மாதான் கிடக்கிறது. சொட்டுநீர் ஓஸும் உர மூட்டையும் திண்ணையில் கிடப்பதை இனி என்னாலும் பார்க்க முடியாது. அதனால் ஷெட் வரட்டும், வடக்குப் பக்கமே வரட்டும். ஆனால் வேலியை ஒட்டி வேண்டாம். எல்லையிலிருந்து நான்கடி உள்ளே தள்ளித்தான் போட வேண்டும், அதுவும் அளந்த பிறகு. வெல்டிங்காரருக்கு முன்பணம் அனுப்புவதற்குள் இதைப் படித்துவிடு.

நீ வேலியைத்தான் எல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பாகம் பிரித்தபோது உன் தாத்தா கிளைப் போத்து வெட்டி நட்ட வேலி. கிளுவையை ஒரு பக்கம் கழித்து மறு பக்கம் விட்டால், விட்ட பக்கமே தடித்துக்கொண்டு போகும். மேற்கிலிருந்து மூன்றாவது தென்னைக்கு நேரே நின்று பார்த்தால் வேலி நம் பக்கம் வயிறு தள்ளி நிற்பது தெரியும். கிழக்கே போகப் போகப் பக்கத்து நிலத்துப் பெரியப்பா பக்கம் ஒதுங்குகிறது. நிலத்தை அளந்து வரைந்த சர்வே படமான புலப்படத்திலோ அந்தப் பொழி, அதாவது எல்லைக் கோடு, எல்லைக் கல்லுக்குக் கல் ஒரே நேர்கோடு.

புலப்படத்தை இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது என்கிறாய். தாலுகா ஆபீஸ் சர்வே பிரிவில் இந்தப் படங்களை வரைந்தே என் வேலைக்காலம் போனது, அதனால் சொல்கிறேன் கேள். நம் படம் 1:2000 அளவு. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் இரண்டு மீட்டர். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் இருந்தாலே தரையில் மூன்றடிக்கு மேல் வந்துவிடும். ஷெட் சுவர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று போனைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லவே முடியாது. கோட்டின் மேல் எழுதியிருக்கிறதே மீட்டர் எண், அதுதான் கணக்கு. அதை வைத்துக் கல்லிலிருந்து கல்லுக்குத் தரையில் டேப் பிடிக்க வேண்டும்.

கல் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வடமேற்கு மூலைக் கல் வேலித் தூருக்குள் இருக்கிறது, மண்ணை ஒதுக்கினால் தலை தெரிகிறது. வடகிழக்குக் கல்லைக் காணோம். வாய்க்கால் தூர் வாரியபோது பெயர்ந்து போயிருக்கும். அதனால் சர்வே எண்ணில் நம் பாகமான உட்பிரிவை அளந்து கல் காட்டச் சொல்லி மனுப் போட்டுக் கட்டணமும் கட்டியாயிற்று. அளக்க வரும்போது பக்கத்து நிலத்துக்காரருக்கும் நோட்டீஸ் போகும். நோட்டீஸைக் கையில் வாங்கித்தான் பெரியப்பா விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? பங்காளி வீட்டில் அப்படி ஒரு காகிதம் போய் விழுந்தால் அப்புறம் கல்யாணம் காதுகுத்துக்குக்கூட முகம் பார்த்துப் பேச முடியாது. நானே போய்ச் சொன்னேன். "உங்க நிலத்துல போடறீங்க, எனக்கென்ன அம்மிணி" என்றார். காபியைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "கூரைத் தண்ணி எந்தப் பக்கம் ஊத்தும்?"

நீ சரிவை வடக்கே வைத்து வரைந்திருக்கிறாய். ஷெட் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்றால் 120 சதுர அடிக் கூரை. ஐப்பசியில் ஒரே ராத்திரியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 550 லிட்டர் தண்ணீர் இறங்கும். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தக்காளி வைக்கிற பாத்தி. தக்காளி வேரில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அவர் பயம் அதோடு நிற்கவில்லை, அது நியாயமும்கூட. அடுத்தவர் நிலத்தில் கூரைத் தண்ணீர் 20 வருஷம் தடையில்லாமல் விழுந்துகொண்டிருந்தால் அதையே உரிமையாகக் கேட்க 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிலத்தையே ஆக்கிரமித்தால், மீட்க வழக்குப் போட 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டத்தில் 12 வருஷம்தான் கெடு. நமக்கு அந்த எண்ணமே இல்லை. ஆனால் நாளைக்கு அவர் பிள்ளைகளும் உன் பிள்ளைகளும்தானே அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் நிற்கப்போகிறார்கள்? அவர்கள் மனதில் ஒரு சந்தேகத்துக்கும் நாம் இடம் வைக்கக் கூடாது. சரிவு தெற்கே, நம் பக்கமே இருக்கட்டும். அந்தத் தண்ணீர் நம் தென்னைக்குப் பாயட்டும்.

நான்கடி ஏன் என்றால், வருஷா வருஷம் வேலி கழிக்க ஆள் அரிவாளை வீசி வெட்ட இடம் வேண்டும். ஒட்டிப் போட்டால் அந்தப் பன்னிரண்டு அடி வேலியை யாராலும் கழிக்க முடியாது. கிளை தகரத்தில் உரசும், இடுக்கில் சருகு சேரும், பாம்பு அடையும். பின்பக்கம் ஒரு ஷீட் கழன்றால்கூடப் பெரியப்பா பாத்தியை மிதித்துத்தான் மாட்ட வேண்டிவரும்.

நான்கடி விட்டால் தென்னை இடிக்குமே என்பாய். அளந்து பார்த்தேன். முதல் வரிசை மரம் வேலியிலிருந்து பதினைந்தடி. பத்தடி அகலம் வைத்தால் மரத்துக்கும் சுவருக்கும் ஓரடிதான் மிஞ்சும். அதனால் எட்டுக்குப் பதினைந்தாக மாற்றிவிடு. அதே 120 சதுர அடிதான், மரத்திலிருந்து மூன்றடி கிடைக்கும். வேலிக்கும் எல்லைக்கும் உள்ள வித்தியாசம் அளந்த பிறகுதான் தெரியும். எவ்வளவு வந்தாலும் எல்லையிலிருந்து நான்கடியைக் குறைக்காதே, வேண்டுமானால் அகலத்தில் அரையடி போகட்டும். நெற்றும் மட்டையும் மேலே விழும், ஆஸ்பெஸ்டாஸ் தாங்காது, தகர ஷீட்டே போடு.

இன்னொன்று, வாசலை மேற்கே வைக்காதே. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும் என்று மறந்திருக்க மாட்டாய். மேற்குச் சுவர் முழுக்க மூடியிருக்கட்டும், வாசல் கிழக்கே. ஷெட்டின் கால்களைக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு நட வேண்டும், தரையில் போல்ட் அடித்து நிறுத்துவது இங்கே ஆகாது. மருந்து டப்பாக்களைக் கிணற்றடியில் வைக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். இந்த இடம் கிணற்றிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.

சர்வேயர் வரும் தேதி தெரிந்ததும் கூப்பிடுகிறேன், லீவு கிடைத்தால் வா. அதற்கு முன்னால் பெரியப்பாவுக்கு நீ ஒரு போன் பண்ணு கண்ணு. சரிவு நம் பக்கம்தான் என்று நான் சொல்லியாயிற்று, இருந்தாலும் உன் வாயால் கேட்க வேண்டும் என்று அவருக்கு இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடு, அதற்குள் பால் ஊற்றிவிட்டு வந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா