வரையும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புத்தகத் தாள்களின்மேல் குழந்தைகளை ஓவியம் வரையச் செய்யும் கோடைப் பயிற்சி முகாம்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். எடைக்குப் போய் அரைபட வேண்டிய காகிதம் ஓவியமாகச் சுவரேறுகிறது என்று கட்டுரையாளர் மகிழ்ந்து எழுதியிருந்தார். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும், முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

சென்ற மாதம் எங்கள் ஊரில் அப்படியொரு முகாமின் நிறைவுக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மண்டபத்தின் இரு பக்கமும் கயிறு கட்டி, ஐம்பது படங்களுக்குக் குறையாமல் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றுள் ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி வரைந்திருந்த மீன்கொத்தி என்னை நிறுத்தியது. முதுகின் நீலமும் வயிற்றின் செம்பழுப்பும் அந்த நிறம் மங்கிய தாளின்மேல் அவ்வளவு எடுப்பாக இருந்தன. கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் பறவையைச் சுற்றியிருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. ஈய எழுத்து கோத்து அச்சடித்த பக்கம். லகர, னகர ஐகாரங்கள் துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருந்தன. பக்க எண் தமிழ் எண்ணில் ௬௩ என்றிருந்தது. சிறு பிள்ளைகளின் இருமலுக்கும் கபக்கட்டுக்கும் கொடுக்கிற சூரணம் ஒன்றின் செய்முறை அது. சுக்கு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் ஒவ்வொன்றுக்கும் வராகனெடையில் அளவு சொல்லி வந்த வரி, திப்பிலி என்ற சொல்லோடு பறவையின் மார்புக்குள் நுழைந்துவிட்டது. திப்பிலி எத்தனை வராகனெடை என்பது வண்ணத்துக்கு அடியில் போயிற்று. வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கலாமா என்றால், தாளைத் தடித்த அட்டையில் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ஆகவே 64ஆம் பக்கமும் இல்லை.

நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து அந்தச் சிறுமி வந்தாள். "தாத்தா, இந்த ஓரத்துல இருக்கே, இது என்ன எழுத்து?" என்று பக்க எண்ணைக் காட்டிக் கேட்டாள். சொன்னேன். பிறகு வரிகளையும் படித்துக் காட்டினேன். பழைய 'லை'யில் தடுக்கித் தடுக்கி அவளும் கூடவே படித்தாள். மருந்து என்று தெரிந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "தெரிஞ்சிருந்தா பறவையைக் கொஞ்சம் தள்ளி வரைஞ்சிருப்பேனே" என்றாள். முகாமை நடத்திய ஆசிரியரையும் விசாரித்தேன். நல்ல ஓவியர், பிள்ளைகளிடம் பொறுமையாகப் பழகுகிறவர். பழைய பேப்பர் கடையில் கட்டாக எடைக்கு வாங்கியதாகவும், அட்டையும் முதல் சில தாள்களும் கிழிந்திருந்ததால் அவற்றைக் கழித்துவிட்டு நல்ல தாள்களை மட்டும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டதாகவும் சொன்னார். நூலின் பெயர், எழுதியவர், அச்சுக்கூடம், ஆண்டு ஆகிய எல்லாம் அந்தக் கழித்த தாள்களில்தான் இருந்திருக்கும்.

அந்தச் சிறுமி சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். வரையும் முன் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். புத்தகத்தைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கலையின் உயிரே அந்தப் படிப்பில்தான் இருக்கிறது.

லண்டன் ஓவியர் டாம் பிலிப்ஸ் செய்ததை எண்ணிப் பாருங்கள். 1966இல் ஒரு நாள், தம்மைப் போலவே ஓவியரான ஆர். பி. கிட்டாயுடன் பெக்கம் ரை பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போனவர், மூன்று பென்சுக்குக் கிடைக்கும் முதல் புத்தகத்தை வைத்தே பெரும்பணி ஒன்றைச் செய்யப்போவதாகச் சொல்லி, கைக்கு அகப்பட்ட ஒரு நாவலை வாங்கினார். டபிள்யூ. எச். மாலக் எழுதி 1892இல் வெளிவந்து, ஏறக்குறைய எல்லோரும் மறந்துபோயிருந்த 'எ ஹியூமன் டாக்குமென்ட்' என்னும் நாவல் அது. அதன் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வண்ணத்தாலும் கோட்டாலும் மூடிக்கொண்டே வந்தார். ஆங்காங்கே சில சொற்களை மட்டும் மூடாமல் விட்டு, அவற்றை வாய்க்கால் போன்ற வெள்ளை இடைவெளிகளால் இணைத்தார். மாலக் கனவிலும் எழுதியிராத ஒரு கவிதை, மாலக்கின் சொற்களாலேயே அந்தப் பக்கத்தில் உண்டாயிற்று. பக்கத்தின் மேலே அச்சாகியிருந்த நூற்பெயரை மடித்துப் பார்த்தபோது நடு எழுத்துகள் மறைந்து 'எ ஹியூமுமென்ட்' என்று நின்றதே, அதுவே புதிய நூலுக்கும் பெயராயிற்று. அதன் நாயகன் பெயர் டோஜ் (toge). 'டுகெதர்' (together), 'ஆல்டுகெதர்' (altogether) என்ற ஆங்கிலச் சொற்களுக்குள் அந்தப் பெயரின் நான்கு எழுத்துகளும் வரிசையாக இருப்பதால், அச்சொற்களில் ஒன்று வருகிற பக்கத்தில் மட்டுமே அவன் தலைகாட்டுவான். இப்படியொரு விதியை வகுத்துக்கொள்ள வேண்டுமானால், ஒரு நாவலை எத்தனை முறை, எவ்வளவு ஊன்றிப் படித்திருக்க வேண்டும்!

பொது விற்பனைக்கான முதல் பதிப்பு 1980இல் வெளிவந்தது. அதோடு அவர் விடவில்லை. அதே நாவலின் வேறு படிகளை வாங்கி, செய்த பக்கங்களையே மறுபடி புதிதாகச் செய்தார். ஆறாவதும் இறுதியுமான பதிப்பு 2016இல், தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைந்தபோது வந்தது. 2022இல் அவர் காலமானார். நம் முகாம் ஆசிரியர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாலக்கின் நாவலில் ஒரு வரிகூட உலகத்திலிருந்து அழிந்துவிடவில்லை. அச்சாகிப் பல படிகள் இருந்த நூல் அது. படிக்க விரும்புகிறவர் இன்றும் படிக்கலாம்.

ஒரே ஒரு படி இருக்கும் நூலின்மேல், படிக்காதவர் கை வண்ணம் தீட்டினால் என்னவாகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீசின் நூல்களைக் கொண்ட பத்தாம் நூற்றாண்டுத் தோல் சுவடி ஒன்றை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுரண்டித் துடைத்து, அதன்மேல் கிறித்தவ வழிபாட்டு நூலை எழுதினார்கள். அடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்தை டென்மார்க் அறிஞர் ஹைபர்க் 1906இல் கான்ஸ்டாண்டினோபிளில் கண்டுபிடித்துப் படித்தார். நிழற்படமும் எடுத்து வைத்தார். பிறகு சுவடி காணாமற்போய், 1998இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, ஹைபர்க்கின் நிழற்படங்களில் இல்லாத நான்கு ஓவியங்கள் அதில் இருந்தன. நற்செய்தியாளர் நால்வரைத் தங்கப் பின்னணியில், பழங்கால ஓவியம் போலவே யாரோ தீட்டியிருந்தார்கள். அதில் பயன்பட்ட பச்சை நிறமி ஒன்று 1938 வரை சந்தைக்கே வராதது என்று தெரிந்ததால் ஓவியங்களின் காலமும் அம்பலமாயிற்று. விலையைக் கூட்டுவதற்காகத் தீட்டிய அந்தப் படங்களுக்கு அடியில் ஆர்க்கிமிடீசின் எழுத்து மூடிக்கிடந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் அருங்காட்சியகத்தார் அச்சுவடியை ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டார்கள். அதன் தாள்களைக் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், ஆற்றல் மிக்க எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, பழைய மையிலிருந்த இரும்பின் தடயத்தைக் கொண்டு எழுத்துகளைப் படித்தெடுத்தார்கள். நம் ஊர் மருந்துப் பக்கத்துக்கு அந்த வழியும் இல்லை. அச்சு மை கரியும் எண்ணெயும் கலந்தது. அதில் இரும்பு கிடையாது.

பழைய தாள் கிடைப்பதே அரிதாயிருந்தவர்கள் வரைந்ததும் உண்டு. அமெரிக்கச் சமவெளிகளின் பழங்குடி ஓவியர்கள் காட்டெருமைத் தோலில் தங்கள் போர்களையும் வேட்டைகளையும் வரைந்துவந்தார்கள். காட்டெருமை மந்தைகள் அழிக்கப்பட்ட பிறகு, வெள்ளையரிடமிருந்து கிடைத்த கணக்குப் பேரேடுகளில் வரைந்தார்கள். 1875 முதல் 1878 வரை புளோரிடாவில் மரியன் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட ஷையென், கயோவா வீரர்களின் பேரேட்டு ஓவியங்களை இன்று அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கின்றன. தோல் போய்த் தாள் வந்த கதையைக் கணக்குக் கோடுகளின்மேல் ஓடுகிற அந்தக் குதிரைகளே சொல்லிவிடும். அடியிலிருக்கும் தாள் எது என்பதும் அந்த ஓவியத்தின் பொருளில் சேர்ந்தது. நம் கண்காட்சியிலோ, என்னைப் பெரிதும் வருத்தியது, தமிழ் எழுத்து வெறும் பழுப்புப் பின்னணியாக, கோலப்புள்ளி அளவுக்குக்கூட மதிப்பில்லாமல் நின்றதுதான். சில தாள்களைத் தலைகீழாகவே ஒட்டியிருந்தார்கள்.

தமிழ் நூல்களுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படுகிறது. அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு சில நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று விதித்த சட்டம் 1954இல்தான் வந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூல்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு அதற்கு முன்பே இருந்தாலும், சிற்றூர் அச்சுக்கூடங்களில் சில நூறு படிகள் மட்டும் போட்ட மருத்துவ நூல், கும்மிப் பாட்டு, தலபுராண வசனம், சமையல் குறிப்பு போன்றவை எல்லாமே எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. எடைக்கு வந்த கட்டிலிருப்பது மிஞ்சியுள்ள இரண்டு மூன்று படிகளில் ஒன்றாகவும் இருக்கலாம்.

இதை நன்றாக உணர்ந்திருந்தவரும் ஓர் ஓவியரே. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்துகொண்டு, மற்றவர்கள் குப்பை என்று கழித்த நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே நிலைக்கச் செய்தது. 1994 முதல் அது அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நடந்து வருகிறது. தூரிகை பிடித்த ஒரு கை இவ்வளவு புத்தகங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை முகாம்களில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் பெரிய சுமையன்று. கட்டைப் பிரித்ததும் முகப்புத் தாளை, கிழிந்திருந்தாலும், தனியே எடுத்து வையுங்கள். நூற்பெயரைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பார்க்கக் கைபேசியே போதும். அங்கே அகப்படாவிட்டால் ஊரிலுள்ள நூலகரிடமோ ஓய்வு பெற்ற தமிழாசிரியரிடமோ காட்டுங்கள். அப்போதும் விவரம் தெரியாத நூலை முழுவதும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அந்தப் படத்தை நல்ல தடித்த தாளில் அச்சிட்டு, பிள்ளைகளை அதன்மேல் வரையச் சொல்லுங்கள். ஓவியத்துக்கும் அதுவே நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாளில் அமிலம் ஊறியிருக்கிறது. மூலையை இரண்டு முறை மடித்தால் அப்பளம் போல ஒடிந்து கையோடு வந்துவிடும். அதில் நீர்வண்ணம் பட்டால் தாள் நெளியும். பிள்ளை ஆசையாய் வரைந்த படம் அவள் பெரியவளாகும்போது உதிர்ந்துபோயிருக்கும்.

வரைவதற்குத் தாளுக்கா பஞ்சம்? ஆண்டு முடிந்த டைரி, தொலைபேசி விவரத் தொகுப்பு, பேருந்துக் கால அட்டவணை, ஆயிரக்கணக்கில் அச்சான வினா விடைப் புத்தகம் என எவ்வளவோ இருக்கின்றன. பழைய வார இதழ்களை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். தொடர்கதைகளை வாரந்தோறும் படங்களோடு கிழித்தெடுத்து, ஆண்டு முடிந்ததும் தைத்து பைண்டு செய்து வைத்த நம் வீட்டுப் பெண்களால்தான் எத்தனையோ ஓவியர்களின் கைவேலை இன்று மிஞ்சியிருக்கிறது. அந்தக் கட்டுகள்தாம் இப்போது பழைய பேப்பர் கடைக்கு வருகின்றன.

நிறைவாக, தங்கள் வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். பறவை மறைக்காத வரிகளை அந்தச் சிறுமியும் நானும் ஒரு தாளில் எழுதி எடுத்திருக்கிறோம். சித்த மருத்துவ நூல்களைப் பரம்பரையாக வைத்திருக்கும் வீடுகளில், தமிழ் எண்ணில் பக்கம் இட்ட, 63ஆம் பக்கத்தில் குழந்தை இருமலுக்குச் சுக்கு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம், திப்பிலி சேர்ந்த சூரணம் சொல்கிற பழைய அச்சு நூல் இருந்தால், அதன் முகப்பில் உள்ள பெயரையும் ஆண்டையும், திப்பிலியின் அளவையும், 64ஆம் பக்கத்தில் உள்ளதையும் தங்கள் இதழ் வாயிலாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதியெடுத்த தாளில் திப்பிலிக்கு எதிரே அவள் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர் ஒருவர்,
கும்பகோணம்.