முதல் பருவ நிறைவு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முதல் பருவத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். வாசிப்பிலும் முன்னேற்றம் தெரிகிறது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஒரு விஷயம். போன வாரம் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் கையெல்லாம் கருப்பாக வந்து நின்றார்கள். கேட்டால், வலைக்கு ஈயக்குண்டு வார்க்கப் பழைய படகு பேட்டரியை உடைத்தோம் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். உடைத்த இடம் பள்ளிக்குப் பின்னால், நாம் குடிக்க மொள்ளும் மணல் ஊற்றிலிருந்து இருபது அடிகூட இல்லை. ஆசிட்டை மணலிலேயே கொட்டியிருக்கிறது. பக்கத்திலேயே இன்ஜின் கழிவு ஆயில் ஊற்றிய கறை.

சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும் உங்களுக்கு ஊற்றின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனத்த உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதந்து நிற்கிறது. அதனால்தான் கடலோரத்திலும் நமக்கு நல்ல தண்ணீர். மேலே கொட்டுவதும் அதே வழியில்தான் இறங்கும்; பேட்டரி ஆசிட்டோடு ஈயமும் சேர்ந்து இறங்கும். களிமண் என்றால் கொஞ்சமாவது பிடித்து வைக்கும்; நம் மணலுக்கு அந்தப் பிடிப்பு இல்லை.

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். மூளை வளர்ச்சியையே கெடுக்கும். வகுப்பில் நாங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

டீசலுக்கும் வலைக்கும் ஆகும் செலவு எனக்குத் தெரியும். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பிள்ளைகள் கையில் பேட்டரியைக் கொடுக்காதீர்கள். ஈயம் உருக்கும் அடுப்புப் பக்கம் அவர்களை விடாதீர்கள். இனி பள்ளியைச் சுற்றி இது நடந்தால் ஊராட்சியில் எழுதிக் கொடுப்பேன்.

புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். கழிவு ஆயிலைக் கேனில் சேர்த்து வையுங்கள். கடலிலும் மணலிலும் ஊற்ற வேண்டாம்.

ஊற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை அதில் மொள்ள வேண்டாம். பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள்.

விஷயம் தெரிந்த அன்று சாயங்காலமே ஊற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்ட தாய்மார்களுக்கும், கழிவு ஆயில் சேர்க்கத் தன் பீப்பாயைக் கொடுத்த அப்பாவுக்கும் மனமார்ந்த நன்றி. பீப்பாய் பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்