பழைய ராணுவ லாரிக்கு நீங்கள் விற்கும் 12 வோல்ட் கிட் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்
பொருள்: தவறான வயரிங் குறிப்பு, பாழான பேட்டரி, பணத்தைத் திரும்பத் தருவது

வணக்கம்.

என்னிடம் இருப்பது எம்35ஏ2, ஆறு சக்கர இயக்கம் (6x6) கொண்ட பழைய அமெரிக்க ராணுவ லாரி. அதில் ஹீட்டர் கிடையாது, அழுத்தக் காற்றில் ஓடும் வைப்பர், போன் சார்ஜ் போட ஒரு இடமும் இல்லை. நீண்ட தூரம் ஓட்டினால் உடம்பு ஒரு வழியாகிவிடும் என்பதால்தான் "24 வோல்ட் ராணுவ வண்டிகளுக்காகவே தயாரித்தது" என்று நீங்கள் விளம்பரம் செய்த கிட்டை வாங்கினேன். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர், சூடாகும் சீட் மெத்தை இரண்டு, மின்விசிறி, சார்ஜர், எல்இடி விளக்கு, எல்லாம் ஒரே பெட்டியில் வந்தது. பொருள் வந்து சேர்ந்ததில் குறை இல்லை. என் கோபமெல்லாம் உங்கள் கையேட்டின் 6ஆம் பக்கத்தின் மேல்தான்.

கன்வெர்ட்டரில் சார்ஜரையும் விளக்கையும் மட்டும் கொடுங்கள், சீட் மெத்தையையும் மின்விசிறியையும் கிரவுண்ட் பக்கத்து (மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்த) பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் எடுத்துக் கொடுங்கள் என்று படம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்த லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்துதான் 24 வோல்ட் வருகிறது. இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சார்ஜ் ஏற்றும், ஒன்றை மட்டும் தனியாகக் கவனிக்க அதற்கு வழியில்லை. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் தொடர்ந்து மின்சாரம் எடுத்தால் அது என்றைக்குமே முழுசாக நிரம்பாது, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். 24 வோல்ட் வண்டியில் வேலை செய்கிற எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார். அப்படியே எடுத்தாக வேண்டும் என்றால் நடுவில் இரண்டு பேட்டரியின் சார்ஜையும் சமமாக வைக்கும் பேட்டரி ஈக்வலைசர் போட வேண்டும், அது உங்கள் பெட்டியிலும் இல்லை, கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

என் வண்டியிலும் அதுவேதான் நடந்தது. இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன், மொத்தம் 28 வோல்ட், 24 வோல்ட் வண்டியில் சார்ஜ் ஏறும்போது இருக்க வேண்டிய அளவு சரியாக இருக்கிறது, ஆளுக்குப் பாதி என்றால் 14 காட்ட வேண்டும், ஆனால் நீங்கள் வயர் எடுக்கச் சொன்ன பேட்டரியில் 12.7, மற்றதில் 15.3. அந்த இரண்டாவது பேட்டரியின் மூடியைத் திறந்தால் அமில நெடி மூக்கில் ஏறுகிறது, தண்ணீர் தகடுக்குக் கீழே இறங்கிவிட்டது, பக்கச்சுவர் உப்பியிருக்கிறது. பொருத்துவதற்கு முன் இரண்டுமே நல்ல நிலையில் இருந்தவை. கொதிக்கும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் போதும். இதை உங்கள் சேவைப் பிரிவில் சொன்னபோது "பேட்டரி பழசாக இருக்கும், மாற்றிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. புதிதாக மாற்றினாலும் அதே வயரிங்கில் அதுவும் இப்படித்தான் போகும்!

அப்புறம் ஃபியூஸ். வயர் பேட்டரி பெட்டியிலிருந்து இரும்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு கேபினுக்குள் வருகிறது, ஆனால் ஃபியூஸை நீங்கள் வைத்திருப்பதோ டாஷ்போர்டு பக்கத்து முனையில். நடுவழியில் தகட்டின் விளிம்பு உறையைக் கிழித்துவிட்டால் அந்த ஃபியூஸால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, அது பேட்டரிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். துளைக்குப் போட ஒரு ரப்பர் வளையம்கூடப் பெட்டியில் இல்லை. மெத்தை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வயரைத் தொட்டுப் பார்த்தேன், உறை சூடேறி மெழுகு மாதிரி மிருதுவாகியிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டேன்.

பெட்டியின் மேல் "ராணுவத் தரம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. கன்வெர்ட்டரின் அடியில் ஒட்டிய லேபிளைப் பார்த்தால் உள்ளே வரும் மின்னழுத்தம் அதிகபட்சம் 30 வோல்ட் என்கிறது. 28 வோல்ட் ராணுவ வண்டிகளின் மின்சாரத்துக்கென்றே மில்-எஸ்டிடி-1275 என்ற அமெரிக்க ராணுவத் தரநிலை இருக்கிறது, அதன் முந்தைய டி பதிப்பிலேயே ஒரு சர்ஜ் (மின்னழுத்தம் கணநேரம் எகிறுவது) 100 வோல்ட் வரை போகலாம், அதைக் கருவி தாங்க வேண்டும் என்று இருந்தது. 30 வோல்ட்டோடு நின்றுவிடும் பொருளுக்கு அந்தப் பெயரை எதை வைத்துக் கொடுத்தீர்கள்? தண்ணீரில் இறங்கி ஏறுவதற்காக ஒவ்வொரு கனெக்டரிலும் ரப்பர் சீல் போட்டுக் கட்டிய வண்டி இது. உங்கள் கன்வெர்ட்டரில் காற்றுக்காக இரண்டு பக்கமும் திறந்த துளைகள்.

கிட்டுக்குக் கொடுத்த முழுப் பணமும், பாழான பேட்டரியின் விலையும் எனக்குத் திரும்ப வர வேண்டும். அதைவிட முக்கியம், 6ஆம் பக்கத்தை உடனே நீக்குங்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும் வயரைக் கழற்றச் சொல்லித் தகவல் அனுப்புங்கள். இந்த லாரிகளை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் தாங்களே வேலை பார்த்துக்கொள்பவர்கள், கையேட்டில் இருப்பதை நம்பித்தான் பொருத்துவார்கள்.

ரசீது, மீட்டர் அளவுகள், உப்பிய பேட்டரி, 6ஆம் பக்கம், லேபிள் எல்லாவற்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன். போனில் பேச வேண்டாம், பதிலை எழுத்தில் அனுப்புங்கள். பேட்டரியையும் கிட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வந்து பார்ப்பதானால் பார்க்கலாம்.

இப்படிக்கு,
எம்35ஏ2 வைத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர்