காகிதக் கப்

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை ராத்திரி நீ போன் செய்தபோது பக்கத்தில் சின்ன ஆச்சி உட்கார்ந்திருந்தார்கள். அதனால்தான் "சரி, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பாய். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நான் மட்டும்தான். சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

மாமா உன்னிடம், "உங்க அம்மா இந்தப் பிடிவாதத்தை விடலைன்னா தாய்மாமன்னு நான் மணவறைப் பக்கம் வர மாட்டேன்" என்று சொன்னானாம். அப்புறம் நீயே கேட்டாய்: "தை பிறக்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்துல சமைக்கிற அந்த அக்காவை லீவுல இருக்கச் சொன்னா என்னம்மா? கல்யாணம் முடிஞ்சதும் வரட்டுமே." நீ கேட்டதில் எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. கல்யாணத்தை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் மாமா உனக்குச் சொன்னது பாதிக் கதை.

இருபத்து நான்கு வருஷம் செங்கல்பட்டுப் பக்கம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது இடமாறுதல் கலந்தாய்வில் நம் ஊர்ப் பள்ளி கிடைத்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்கே தெரியும். நான் அ, ஆ எழுதிய பள்ளிக்கூடம். ஜூன் மாசம் பொறுப்பேற்ற அன்று மாமாதான் மாலை வாங்கி வந்து போட்டான். வேப்பமரத்தடியில் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். நாற்பத்தொரு பிள்ளைகள், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள்.

காலை உணவுத் திட்டம் பற்றி உனக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள்; சமைக்கிறவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். நம் பள்ளியில் சமைத்துக்கொண்டிருந்தவருடைய பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டது. அதனால் ஜூலையில் குழுவிலிருந்து வேறு ஒருத்தர் வந்தார். கீழத்தெருப் பெண். முப்பது வயசு இருக்கும். மகன் நம்மிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். காலை ஐந்தரைக்கு வந்து சமையலறையைக் கழுவிவிட்டு, கொண்டையை முடிந்து துணி கட்டிக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பார். அவர் வைக்கிற சாம்பார் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் சுவை பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் நான்தானே.

முதல் நாள் முப்பத்தெட்டுப் பேர் சாப்பிட்டார்கள். யார் சமையல் என்று ஊருக்குத் தெரிந்தது அன்று சாயங்காலம். மறுநாள் புதன்கிழமை, வெண்பொங்கல். பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரும் கீழத்தெருப் பிள்ளைகள். மற்றவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "வீட்டுலயே சாப்பிட்டுட்டேன் டீச்சர்." அடுத்தவனும் அதையே சொன்னான். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்றுதான் உள்ளதைச் சொன்னது: "பசிக்கி டீச்சர். ஆனா எங்க ஆச்சி வையும்."

அண்டா நிறையப் பொங்கல் இருந்தது, ஆவி கூட அடங்கவில்லை. அந்தப் பெண் கரண்டியைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மகன் சுவரோரம் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் வைத்தான். சுற்றிலும் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான். அப்புறம் வலது கையைத் தட்டின் மேல் குடை மாதிரி கவிழ்த்து மூடிக்கொண்டான். தான் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பது மாதிரி. எட்டு வயசுப் பிள்ளை, அம்மா சமைத்த சோற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் சாப்பிடுகிறேன். முட்டி வலிக்கத்தான் செய்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். முன்னால் நின்றது உன் மாமா. "நாங்க ஒண்ணும் சாதி பாக்கலக்கா. சுத்தம் பாக்கோம்." சரி, வாருங்கள், இப்போதே சமையலறையைத் திறந்து காட்டுகிறேன், சுத்தத்தில் என்ன குறை என்று சொல்லுங்கள் என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு வேறு பேச்சு வந்தது. எல்லோருக்கும் டி.சி. கொடுத்துவிடுங்கள், வேன் வருகிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இது சும்மா மிரட்டல் இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரி ஆகிவிடும், ஒரு ஆசிரியரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் பள்ளியே நிற்குமா என்று சொல்ல முடியாது. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

நான் தகவல் சொன்ன அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "ஊர்ப் பகை நமக்கு எதுக்கும்மா, அந்தப் பெண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கு மாத்திட்டா முடிஞ்சுது, நீங்க ஒரு கடிதம் மட்டும் குடுங்க" என்றார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறேன். 2018இல் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் இதே மாதிரி நடந்ததே, நினைவிருக்கிறதா? சத்துணவு சமைத்த அம்மாவை ஊரார் எதிர்த்தார்கள் என்று அந்த அம்மாவையே இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அதை ரத்து செய்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989இல். தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொன்னது அதற்கும் எத்தனையோ வருஷம் முன்னால். இவ்வளவும் இருந்தும், பிரச்சினை என்று வந்தால் முதலில் இடம் மாறுவது சமைத்தவள்தான்.

போலீசுக்குப் போகலாமே என்று உன் அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். போகும்படி ஆனால் போவேன். மனு எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும் என்று தோன்றியது. இவர்களெல்லாம் என் பிள்ளைகளின் அம்மா, அப்பா. பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்கள்.

அப்படித்தான் சின்ன ஆச்சி வீட்டுக்கும் போனேன். சின்ன வயசில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த சின்னம்மா அவர்கள். உள்ளே கூப்பிட்டார்கள், நாற்காலி போட்டார்கள், காபி வந்தது. மருமகளுக்கு எவர்சில்வர் தம்ளர், பக்கத்து வீட்டம்மாவுக்கு எவர்சில்வர் தம்ளர், எனக்கு மட்டும் காகிதக் கப். விசேஷ வீட்டில் மிஞ்சியதாக இருக்கும், ஓரத்தில் பூப்போட்டது. ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் நான் எங்கே சாப்பிடுகிறேன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்து டீக்கடைகளில் சாதி பார்த்துத் தனித்தனியாக வைக்கிற இரட்டைக் குவளை இருந்தது. இப்போது சில இடங்களில் தூக்கிப் போடுகிற கப்பாக அது மாறியிருக்கிறது என்று படித்திருக்கிறேன். அது என் கைக்கே வந்து சேரும் என்று நினைத்ததில்லை.

காபியைக் குடித்தேன். கப்பைக் கசக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரை நடந்து வந்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட ஒரு பழைய ஞாபகம் வந்து அழுத்தியது. உன்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. என்னோடு படித்த கீழத்தெருப் பெண் ஒருத்தி, நான் பள்ளியில் விட்டுவிட்டு வந்த நோட்டைக் கொடுக்க உச்சி வெயிலில் நம் வீட்டுக்கு நடந்து வந்தாள். தண்ணீர் கேட்டாள். உன் ஆச்சி செம்பை என் கையில் கொடுத்து, படியில் நின்றே ஊற்றச் சொன்னார்கள். அவள் கீழே குனிந்து இரண்டு கையையும் குவித்துக்கொண்டாள். நான் உயரத்திலிருந்து ஊற்றினேன். பாதி அவள் பாவாடையில் விழுந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். விளையாட்டு மாதிரி இருந்தது எனக்கு. பள்ளியில் அவள் மதியம் கோதுமை உப்புமா சாப்பிடுவாள், நான் வீட்டுக்கு ஓடி வந்து சாப்பிடுவேன். காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் நம் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்தச் சோறு என் பள்ளிக்கும் வந்தது, நான் ஒரு நாளும் அதில் கை வைத்ததில்லை. அந்தப் பெண் ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கீழத்தெருவில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

"லீவுல இருக்கச் சொல்லும்மா" என்று நீ சொன்னபோது எனக்கு அந்தச் செம்புதான் ஞாபகம் வந்தது. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, தங்கம். ஐந்து மாசம் அவர் வராமல் இருந்தால் ஊர் ஜெயித்தது என்று அர்த்தம். ஊர் ஜெயித்ததை நாற்பத்தொரு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று அன்றைக்கு நீயே பேப்பரில் படித்து அழுதாய். பிளஸ் டூ படித்த பையனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். நம் பள்ளியில் நான்காம் வகுப்பிலேயே கயிறு இருக்கிறது. கோயில் கொடையில் கட்டியது டீச்சர் என்கிறார்கள். கலரைப் பார்த்துத்தான் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்று முடிவு செய்கிறார்கள். அரிவாள் எடுத்த அந்தப் பையன்களும் ஆறு வயசில் எங்கேயோ ஒரு வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே. அவர்களுக்கு அன்றைக்கு யாராவது ஒரு தட்டைக் கொண்டு வந்து கொடுத்திருக்கலாம்.

அந்தப் பெண்ணே ஒரு நாள் வந்து, "டீச்சர், நான் நின்னுக்கிடுதேன். உங்க மக கல்யாணம் வேற வருது" என்றார். ஊரில் எல்லாம் எல்லோருக்கும் தெரிகிறது பார். உனக்கு வேலை வேண்டாமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். அப்படியானால் நாளைக்கு ஐந்தரைக்கு வா என்றேன். வந்தார்.

இப்போது சாப்பிடுகிறவர்கள் எண்ணிக்கை இருபத்தாறு. முதலில் திரும்பி வந்தது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். ஏழு மணிக்கு வேன் ஏறுகிறவர்கள் எப்போது சமைத்து எப்போது ஊட்டுவது? ஒரு அம்மா என்னிடம் நேராகவே சொன்னார்: "ஊருக்குப் பயந்து பத்து நாள் பட்டினி போட்டேன் டீச்சர். இனிமே முடியாது." நான் போய்ப் பேசியதால் வந்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான்.

உன் கல்யாண விஷயம். பத்திரிகையில் தாய்மாமன் என்று அவன் பெயரைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பேன். வருவதும் வராததும் அவன் இஷ்டம். அவன் வராவிட்டால் உனக்கு அது பெரிய குறையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நீ அதில் சங்கடப்பட வேண்டாம். மாமாவிடம் சண்டை போடாதே. உன் காய்ச்சலுக்கு ராத்திரியெல்லாம் முழித்தவன் அவன். அது பொய்யாகிவிடாது.

இன்னொன்று, இது உன்னோடு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கிச்சடி. வரிசையில் கடைசியாக மாமாவின் பேரன் நின்றான், கையில் தட்டு. பெரியவன் இல்லை, ஒன்றாம் வகுப்பில் இருக்கிறானே, அவன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். போடு என்று தலையாட்டினேன். வாங்கிக்கொண்டு நேராகச் சுவரோரம் போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்து, "ஆச்சி, தாத்தாட்ட சொல்லிராதீங்க" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். ஒளித்துச் சாப்பிடப் பழக்கிவிட்டேனோ என்று இரண்டு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது. நாளைக்கும் வரிசையில் நிற்பானா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா