அந்தப் பழைய சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டினாலே மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, இந்த மவுண்டன் பைக்கை யாருக்காவது கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாம் என்றாய். போனில் அவசரமாகப் பேசிப் புரியவைக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொடுத்துவிடாதே ம்மா. அந்தச் சைக்கிளில் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. உன்னை அது உட்காரவைத்திருக்கும் விதம்தான் உனக்கு ஒத்துவரவில்லை.

அண்ணன் விட்டுவிட்டுப் போன சைக்கிளும் உன்னுடையதும் ஒரே வயசு, ஒரே அச்சு. அதைத்தான் இந்த வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முதுகுவலிக்காரனான நானே ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அலுப்பில்லாமல் இறங்குகிறேன். உன்னாலும் முடியும்.

தொண்ணூறுகளில் வந்த மவுண்டன் பைக்குகளில் மேல் பார் நீளம். அதன் முனையில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மும் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை நீண்டு தாழ்ந்திருக்கும். மேட்டில் மூச்சுப் பிடித்து ஏறும்போது முன்சக்கரம் தூக்காமல் இருக்க அது உதவும். நீ ஏறுவது மேடு இல்லை, வேலைக்குப் போய்வரும் தார்ச்சாலை. அங்கே அதே அமைப்பு உன் உடம்பின் பாரத்தை உள்ளங்கை மேல் கொண்டுவந்து போடுகிறது. கை மரத்துப்போவதும், தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிப்பதும் அதனால்தான். ஆனால் ஃப்ரேம் உறுதியானது, சக்கரம் முரடானது, அகலமான டயர் போட இடம் இருக்கிறது, மட்கார்டுக்கும் கேரியருக்கும் மரை போட்ட துளைகளும் இருக்கின்றன. தினசரி ஓட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஈரத்துணியை எடுத்து ஃப்ரேமைத் துடைத்துப் பார். ஹேண்டில்பாருக்குக் கீழே, கீழ்ப்பார் வந்து சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டு. பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், விரலுக்கு மேடு தட்டினால், எப்போதோ எதிலோ மோதியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் மேலே எதுவும் செய்யாமல் எனக்குச் சொல். இல்லையென்றால் தைரியமாகத் தொடங்கலாம்.

முதலில் டயர். இப்போது இருப்பது பட்டன் டயர். மண்ணைக் கவ்வுவதற்காக வைத்த அந்தக் குமிழ்கள் தார்ச்சாலையில் ஒவ்வொன்றாக நசுங்கி நிமிர்கின்றன. அந்த 'ர்ர்ர்' சத்தமும் கையில் ஏறும் நடுக்கமும் நீ மிதிக்கிற உழைப்பிலிருந்து போவதுதான். வழவழப்பான, ஆனால் அகலமான டயர் போடு. வழுவழு டயர் மழையில் வழுக்கும் என்று உன்னிடம் யாராவது சொல்வார்கள். கார் டயரைப் போல இதற்குக் கீழே தண்ணீர் தேங்கி மிதக்க வழியில்லை. சைக்கிள் டயர் குறுகலானது, வேகமும் குறைவு, தண்ணீரைத் தானே விலக்கிக்கொண்டு ரப்பர் தரையைப் பிடிக்கும்.

இதில் நான் ஏமாந்த கதையைக் கேள். '26 இன்ச் டயர்' என்று கேட்டு வாங்கி வந்தேன். விற்றவரும் எதையும் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு மதியம் முழுக்கப் போராடியும் ரிம்மில் உட்காரவே இல்லை. அப்புறம் சக்கரத்தைத் திருப்பிப் பழைய டயரின் பக்கவாட்டில் படிந்திருந்த அழுக்கைச் சுரண்டினால், 50-559 என்று பொடி எழுத்து. வாங்கி வந்ததில் 590. இரண்டுக்குமே பெயர் 26 இன்ச்தான்! 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதியது 559. 26 x 1 3/8 என்று பின்னத்தில் எழுதியது 590. இந்த எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். அதனால் இன்ச் கணக்கை நம்பாதே. உனக்கு வேண்டியது 559. அதற்கு முன்னால் இருக்கும் எண் அகலம், 47 அல்லது 50 போதும். காற்றையும் கல் மாதிரி அடித்துவிடாதே. உன் எடைக்கு முன் டயரில் 35, பின் டயரில் 40 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள். டயரில் எழுதியிருக்கும் அளவுக்கு வெளியே மட்டும் போகாதே.

டயர் மாற்றியதும் ஒரு வாரம் சும்மா ஓட்டு. பாதி வலி அதிலேயே குறைந்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

அடுத்தது ஹேண்டில்பார். உண்மையான மாற்றம் இங்கேதான் நடக்கும். ஓட்டுகிறவரை நோக்கி வளைந்து வரும் பார் ஒன்று போட்டால் கைப்பிடி பத்து, பதினைந்து சென்டிமீட்டர் உன் பக்கம் வந்துவிடும், மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளாமல் இயல்பாக இருக்கும். வாங்கும்போது இரண்டு அளவைக் கேள்: நடுவில் ஸ்டெம் கவ்வும் இடம் 25.4 மி.மீ., கைப்பிடி போடும் இடம் 22.2 மி.மீ. அப்போதுதான் இருக்கிற பிரேக் லீவரும் கியர் லீவரும் அப்படியே மாட்டும். பார் பின்னால் வருவதால் பழைய வயர்கள் எட்டாது. புது வயரும் உறையும் சேர்த்து வாங்கு. பழையதை இழுத்துக் கட்டாதே, ஹேண்டிலைத் திருப்பும்போது பிரேக் தானாகப் பிடித்துவிடும்.

உயரத்தையும் ஏற்றலாம். உன்னுடையது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கும் பழைய ஸ்டெம். தலையில் இருக்கும் போல்ட்டை மூன்று, நான்கு சுற்று தளர்த்தினால் மட்டும் அசையாது. உள்ளே சரிவாக வெட்டிய ஒரு கட்டை இறுகிக் கிடக்கும். போல்ட் தலை மேல் சின்ன மரத்துண்டை வைத்துச் சுத்தியால் தட்டு. முதல் இரண்டு தட்டுக்குக் 'டங்' என்று கெட்டியான சத்தம் வரும், மூன்றாவதிலோ நான்காவதிலோ போல்ட் சட்டென்று கீழே இறங்கும். கையில் அது தெரியும்போது ஒரு நிம்மதி வரும் பார். அப்புறம் ஸ்டெம்மை முறுக்கி மேலே இழுத்து, கிரீஸ் தடவி, சீட் உயரத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ நிறுத்து. ஸ்டெம்மில் பொறித்திருக்கும் கடைசிக் கோடு வெளியே தெரியவே கூடாது. இதில் அப்பா பேச்சை மீறாதே. முன் பிரேக்கின் வயர் ஸ்டெம் வழியாகப் போவதால், ஸ்டெம் ஏறினால் பிரேக்கும் இறுகும். அதைத் திரும்பச் சரிசெய்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

சீட்டை ஏன் ஹேண்டில்பாருக்குப் பிறகு வைத்தேன் என்று கேட்பாய். குனிந்து ஓட்டுகிறவருக்கு ஒல்லியான சீட் பொருந்தும். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரம் முழுவதும் இடுப்பின் இரண்டு உட்காரும் எலும்புகள் மேல் இறங்கும், அப்போது அகலமான சீட் வேண்டும். பாரை மாற்றுவதற்கு முன்னால் சீட் வாங்கினால் மறுபடியும் வாங்க வேண்டிவரும். மெத்து மெத்தென்று இருப்பதைப் பார்த்து மயங்காதே. எலும்பு அதில் புதைந்துபோய் நடுவில் இருக்கும் மென்மையான இடம் அழுந்தும், தூரம் போகப் போக மரத்துவிடும். கொஞ்சம் கெட்டியாக, எலும்புக்கு அடியில் தாங்குகிற மாதிரி இருப்பதே நல்லது. மட்டமாக வை. மூக்கு கீழே சாய்ந்தால் நீ முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பாய், பாரம் திரும்பவும் கைக்கே வரும். உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு: குதிகாலை பெடல் மேல் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும்.

அண்ணன் சைக்கிளில் சீட் கம்பி உள்ளேயே பிடித்துக்கொண்டது. இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி வருஷக்கணக்கில் ஈரத்தோடு கிடந்தால் அப்படித்தான் ஆகும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, மூன்று நாள் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித்தான் எடுத்தேன். உன்னுடையதை இப்போதே ஒரு முறை வெளியே உருவி கிரீஸ் தடவிவிடு.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. பல வருஷம் ஆன ரப்பர் கட்டைகள் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்வாங்காது. நான்கு கட்டைகளையும் மாற்று. உன் பிரேக், 1996-இல் ஷிமானோ நிறுவனம் வி-பிரேக் என்ற புது வகையைக் கொண்டுவருவதற்கு முந்தையது. புதுக் கட்டைகளோடு அதுவே நன்றாகப் பிடிக்கும். வி-பிரேக்தான் வேண்டுமென்றால் லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் பழைய லீவர் போதுமான அளவு வயரை இழுக்காது.

செயினை ஒரு ஸ்கேலால் அள. ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணினால் வரும் இருபத்து நான்காவது பின்னின் நடுவரை சரியாக 12 இன்ச் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு இன்ச் கூடியிருந்தால் செயினை மாற்று. எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். பெடல் மாற்றினால், இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை நினைவில் வை. மட்கார்டும் கேரியரும் மணியும் நீயே மாட்டிவிடுவாய். பின் விளக்கு இல்லாமல் மட்டும் இருட்டில் வெளியே போகாதே.

உனக்கு ஒன்று தெரியுமா? மவுண்டன் பைக் பிறந்ததே சாதாரணச் சைக்கிளிலிருந்துதான். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், முப்பது நாற்பது வருஷப் பழைய, தடித்த டயர் வைத்த சைக்கிள்களைத் தேடியெடுத்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் அந்தப் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். 1976 அக்டோபர் 21-இல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. மறுவருஷம் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே தனியாக ஃப்ரேம் கட்டினார். இதைப் படித்த அன்று, எனக்கு அண்ணன் சைக்கிள் மேல் இன்னும் பிரியம் கூடிவிட்டது.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டே வேலை செய். டயரின் பக்கவாட்டைத் துடைத்து அதில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடு. சீட் கம்பியை உருவும்போது அதன் அடியில் 26.8 என்றோ 27.2 என்றோ பொறித்திருக்கும், அதையும் எடுத்து அனுப்பு. எவ்வளவு நீள வயர் வேண்டும் என்பதைப் புதுப் பார் வந்த பிறகு வீடியோ காலில் அளந்துகொள்ளலாம். நான் ஸ்பானரோடு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா