தலைவரண்ணே, அந்த மணல்மேட்டுல ஜேசிபி ஏத்தாதீங்க

ஊராட்சித் தலைவரண்ணனுக்கும் வார்டு மெம்பர்களுக்கும் வணக்கம்.

கடக்கரைப் பொறம்போக்குல சீமைக்கருவையைப் புடுங்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம், அந்தச் சனியன் ஒழியட்டும். ஆனா போன வருஷம் தெக்குப் பக்கம் வந்த வண்டி கருவையோட சேத்து மேல்மண்ணையும் வழிச்சுத் தள்ளிட்டுப் போச்சு, அதுல என்ன போச்சுன்னு யாரும் கேக்கல, அதான் இந்த லெட்டர்.

போனது சாயவேர்ண்ணே. பொடிப்பொடியா வெள்ளைப் பூவோட தரையோட தரையா கெடக்கும், பாத்தா புல்லுன்னுதான் நினைப்பீங்க. நாட்டு வைத்தியர்கிட்ட இம்பூறல்னு சொன்னா டக்குனு புரியும். சரக்கு பூராம் மண்ணுக்குக் கீழதான், மெல்லிசா நீளமா எறங்குற வேரு, தோலை நகத்தால சுரண்டினா மஞ்சளா ஆரஞ்சா தெரியும், அதுல கொஞ்சம் சுண்ணாம்பு பட்டுச்சுன்னா செவந்துரும். எங்க அப்பத்தா வெத்தலைப் பெட்டியை வெச்சுக்கிட்டு எனக்கு இப்படித்தான் வேடிக்கை காட்டும்.

சோழமண்டலக் கரையில இருந்து கப்பலேறிப் போன துணியில இருந்த செவப்பு இந்த வேர்தான். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து அதுல நனைச்சுக் காயவெச்சு, படிகாரத் தண்ணியால பூவோ கொடியோ எழுதி, அப்புறம் வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டா படிகாரம் பட்ட எடம் மட்டும் செவப்பைக் கெட்டியா புடிச்சுக்கும், மத்த எடத்துல ஏறுனது அலசி அலசி வெயில்ல போடப் போட வெளுத்துரும். தோட்டத்துல வெதைச்ச வேரைவிட மணல்ல தானா மொளைச்சதுக்குத்தான் அப்ப மவுசு. ராமேஸ்வரத்துலயும் அந்தப் பக்கம் மன்னார்லயும் இதைத் தோண்டியே பொழைச்ச சனங்க இருந்தாங்க. 1869ல ஜெர்மன்காரங்க இந்த வேர்ல இருக்கற அதே அலிசரின்ங்கிற செவப்புச் சாயச் சத்தை நிலக்கரித் தார்ல இருந்து செய்யப் பேட்டன்ட் வாங்கினாங்க, அதுக்கப்புறம் வேரை யாரு சீண்டுவா?

தோண்டவே கூடாதுன்னு நான் சொல்லல. வெதை உதிர்ந்த பொறகு முத்துன வேரை மட்டும் எடுத்தா திரும்ப மொளைக்கும், மண்ணையே அள்ளிட்டா எதுல மொளைக்கும்? கருவை போன எடத்துல சவுக்குக் கன்னு நடறதா வேற பேசிக்கிறாங்க, சாயவேருக்கு வெயில் அடிக்கற வெறும் மணல்தாண்ணே வேணும், மேடு மொட்டையா கெடக்கேன்னு கவலைப்படாதீங்க.

சாயவேர் மிச்சமிருக்கற வடக்கு மேட்டுல மட்டும் வண்டி வேணாம், ஆள் விட்டு வெட்டிக்கலாம். செவ்வாய்க்கெழம வேலைன்னு கேள்வி, காலையிலயே நாலு குச்சியும் கயிறும் எடுத்துட்டு வந்துர்றேன், டிரைவர் தம்பியை ஒரு பத்து நிமிஷம் எங்கூட நடக்கச் சொல்லுங்க.