ப்ளூபெர்ரிக்கு யாரு பக்கத்துல இருக்கலாம்?

சுதாவுக்கு,

பதில் போட லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதடி. அம்மா இங்க வந்திருக்காங்க, முட்டி வலி இப்ப பரவால்ல. உன் பையனுக்கு காலேஜ் கெடச்சதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

டாலஸ் வீட்ல தக்காளி, கத்திரி பாத்தியிலயே ப்ளூபெர்ரியும் வெக்கலாமான்னு கேட்டியே, வேணாம்டி. ப்ளூபெர்ரிக்கு பிஎச் (மண்ணோட புளிப்ப காட்டுற அளவு, எண்ணு கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தி) 4.5ல இருந்து 5.5 வரைக்கும் நல்ல புளிப்பு மண்ணு வேணும், தக்காளிக்கும் கத்திரிக்கும் 6க்கு மேல இருந்தாதான் சரிப்படும், முட்டைக்கோஸ் இன்னும் மேல கேக்கும், ஒண்ணுக்காக மண்ண மாத்தினா இன்னொண்ணு வாடிடும். உங்க ஊரு கருப்பு களிமண்ணுல சுண்ணாம்பு வேற ஜாஸ்தி, அதுல நட்டா செடியால இரும்புச்சத்த எடுக்க முடியாது, இலை மஞ்சளாயி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும்.

இங்க நியூ ஜெர்சில பைன் பேரன்ஸ்ங்கிற பைன் காட்டுப் பகுதில மணலே புளிப்புதான். எலிசபெத் வைட்னு ஒரு அம்மா, காட்டுல பெரிய பழம் காய்க்கிற செடியா தேடித்தரச் சொல்லி ஊர்க்காரங்க கையில 5/8 அங்குல ஓட்டை போட்ட அளவுகோல குடுத்தாங்களாம், அந்த ஓட்டைல நுழையாத பழம்தான் வேணும்னு! அப்படி சேத்த செடிகள வெச்சு ஃப்ரெட்ரிக் கோவில் (Coville)ங்கிற தாவர விஞ்ஞானியோட உழைச்சு 1916ல முதல் விளைச்சல வித்தாங்க. எனக்கு அவங்க மேல அவ்ளோ மரியாதை.

உனக்கு பெரிய தொட்டிதான் சரி. பீட் மாஸும் (மக்கின பாசி) பைன் பட்டையும் கலந்து வை, ப்ளூபெர்ரில டிஃப்ப்ளூ, க்ளைமாக்ஸ்னு ரெண்டு வகையா வாங்கு, ஒண்ணு மட்டும் இருந்தா காய்ப்பு கம்மி. பக்கத்துல அசேலியா பூச்செடி வை, அதுவும் இதே மண்ணுதான் கேக்கும். ஸ்ட்ராபெர்ரிய அதே தொட்டியில நடலாம்னு நெறைய பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், ரெண்டுக்குமே வேர் மேலாப்புல ஓடுறதால தண்ணிக்கு அடிச்சுக்கும். புதினாவும் புல்லும் கிட்டயே வரக்கூடாது. தேனீக்காக தைம்ங்கிற வாசனைச் செடி வெக்கணும்னா தனி தொட்டியில வை, அதுக்கு புளிப்பு மண்ணு ஆகாது.

அடுப்பு சாம்பல், முட்டை ஓடு எதுவும் போட்டுடாத, புளிப்பு போயிடும். குழாய்த் தண்ணிய விட மழத்தண்ணி பிடிச்சு ஊத்து.

ஜூன் கடைசில இங்க வாயேன், பழம் பறிக்கிற சீசன், ஹேமன்டன் பக்கம் பண்ணைக்கு போலாம். அம்மாவும் உன்ன கேட்டுக்கிட்டே இருக்காங்க.

அன்புடன்,
வசந்தி